மாமனாரின் இடுப்பில் வைத்த கிண்ணம்

என் மாமனாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய இடுப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் சொந்தக்காரர்கள் அதை ஒரு சமாதானக் கதையாக மாற்றிவிடுகிறார்கள். மருமகள் படித்த படிப்பு மாமனாரின் காலைக் காப்பாற்றியதாம், அதன் பிறகு இருவரும் ராசியாகிவிட்டார்களாம். கல்யாண வீடுகளில் யாராவது இப்படிச் சொல்லும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

நான் பிறந்தது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில். எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். அப்பா அன்னாசித் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். நான் உலோகவியல் பொறியியல் படித்துவிட்டுத் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். எலும்புக்குப் பதிலாக உடம்பில் வைக்கும் உலோகத் துண்டுகளை அச்சிடும் இடம் அது. மாவைவிட நைசான டைட்டானியத் தூளைப் பரப்பி, லேசரால் உருக்கி, மறுபடியும் தூளைப் பரப்பி, ஒரு படலத்தின் மேல் ஒரு படலமாக வளர்ப்பார்கள். வளர்ந்து வருவது கெட்டியான உலோகமாக இருக்காது. பஞ்சைப் போல உள்ளே முழுக்கத் துளைகள் இருக்கும். அவர்கள் செய்வதை உடைப்பது என் வேலை. அமுக்கிப் பார்ப்பேன், இழுத்துப் பார்ப்பேன், திருகிப் பார்ப்பேன், எந்த இடத்தில் எத்தனை பாரத்தில் விட்டுக்கொடுக்கிறது என்று எழுதி வைப்பேன்.

என் மாமனார் நெடுந்தூர லாரி ஓட்டியவர். ஜொகூரிலிருந்து வடக்கே எல்லை வரைக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். ஓட்டி ஓட்டி இடுப்பு தேய்ந்து, பல வருடங்களுக்கு முன்பே ஒரு பக்கம் உலோக மூட்டு வைத்துக்கொண்டு வேலையை விட்டவர். நான் வேறு மதம் என்பதால் எங்கள் கல்யாணத்துக்கு அவர் மாதா கோயில் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. அன்று ராத்திரி விருந்துக்கு மட்டும் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "சோறு பரவால்ல" என்றார். மாமியார் இறந்த பிறகு தெப்ராவில் இருக்கும் எங்கள் வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அவர் என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. நான் எதிரிலேயே நின்றாலும் மகனிடம்தான் கேட்பார். "அந்தப் பொண்ணு சோறாக்கிருச்சா?" நானும் சளைக்கவில்லை. "ஆக்கியாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்பேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். விடியுமுன் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு பாலத்தைத் தாண்டி வருகிறவர். அந்தக் களைப்பில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார். பழைய லாரி நண்பர்கள் வந்தால் மாமனார் என்னைக் காட்டி, "பெசி ஒடைக்கறதுக்குச் சம்பளம் வாங்குதுலா" என்பார். இரும்பை உடைக்கிறவள் என்று சொல்லி அவர்கள் சிரிப்பார்கள். நான் காப்பியைக் கொஞ்சம் சத்தமாகவே மேசையில் வைப்பேன்.

அவர் மறுபடியும் நொண்ட ஆரம்பித்ததை முதலில் கவனித்தது நான்தான். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. எது எப்படிப் பாரம் தாங்குகிறது என்று பார்ப்பதே என் தொழில். குளியலறையிலிருந்து வரும்போது சுவரைப் பிடித்தார். நாற்காலியில் ஒரு பக்கமாக உட்கார்ந்தார். கணவரிடம் சொன்னேன். அவர் அப்பாவிடம் கேட்டதற்கு, "யாரு சொன்னது? அந்தப் பொண்ணா? என்னை வீட்டை விட்டு அனுப்பப் பாக்குது" என்று பதில் வந்தது.

வலி பொறுக்க முடியாமல் போனதும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எலும்பு அறுவை நிபுணர் ஒரு மலாய்ப் பெண்மணி. எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். இடுப்பெலும்பில் பதித்திருந்த பழைய உலோகக் கிண்ணம் ஆடிப்போயிருந்தது. சுற்றிலும் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக வெற்றிடம் தெரிந்தது. மூட்டு தேய்ந்து கொட்டிய துகள்கள் எலும்பை அரித்திருந்தன. கெட்டி உலோகம் பாரத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டதால் வேலை இல்லாத எலும்பும் மெலிந்திருந்தது. துளைகள் உள்ள டைட்டானியக் கிண்ணம் ஒன்று அச்சிட்டு வருகிறது, எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், அதை வைத்தால் நல்லது என்றார் டாக்டர்.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். துளை என்ற சொல்லில்தான் நிமிர்ந்தார். டாக்டரிடம் ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"ஓட்டை பெசிய என் இடுப்புல வைக்கச் சொல்றாங்க. இது இந்தப் பொண்ணு கம்பெனி செய்யற சாமான்தானே?"

"இல்லப்பா" என்றார் கணவர்.

"பொய் சொல்லாத. இவ ஒடைச்சது போக மிச்சத்தை எனக்கு வைக்கப் பாக்கறாங்க. ஓட்டை விழுந்த சேசிஸ்ல எவனாச்சும் லோடு ஏத்துவானா?"

நான் திரும்பி நேராக அவரிடமே பேசினேன். அந்த வீட்டுக்கு அவர் வந்த பிறகு அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"மாமா, எங்க கம்பெனி சாமானை இன்னும் மனுஷங்களுக்கு வைக்க அனுமதி இல்ல. டெஸ்ட்தான் பண்ணிட்டிருக்கோம். டாக்டர் சொல்றது வேற. ஆனா ஓட்டை எதுக்குன்னு கேளுங்க. கெட்டி டைட்டானியம் எலும்பைவிட ரொம்ப விறைப்பு. பாரம் வந்தா அது வளையாது, எல்லாத்தையும் தானே தூக்கிக்கும். பக்கத்துல இருக்கற எலும்பு சும்மா இருந்து இருந்து கரைஞ்சு போயிரும். ஓட்டை போட்டா விறைப்பு கொறையும், எலும்பு மாதிரியே கொஞ்சம் கொடுத்து வாங்கும். அப்பத்தான் எலும்புக்கும் வேலை இருக்கும்."

"ஓட்டை போட்டா பலம் கொறையாதா?"

"கொறையும்."

"கேட்டியா?" என்றார் மகனிடம். "அதுவே சொல்லுது."

"கொறைஞ்சாலும் போதுமான அளவு இருக்கும், மாமா. எவ்வளவு ஓட்டை, எவ்வளவு பெரிசு, கம்பி எவ்வளவு தடிப்பு, எல்லாம் கணக்குப் பண்ணித்தான் செய்யறாங்க."

"லாரி ஸ்பிரிங் பட்டை ஒரே லோடுல ஒடையாது. ஓடி ஓடித்தான் வெடிக்கும். அது தெரியுமா இவளுக்கு?"

"அதைத்தான் நான் தெனமும் மெஷின்ல வச்சுப் பாக்கறேன்" என்றேன். அவர் சொன்னது சரிதான் என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. உலகத்தில் தனக்கு மட்டுமே அது தெரியும் என்பது போல அவர் சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் தொழிற்சாலையில் வீண் என்று ஒதுக்கியிருந்த சில மாதிரிகளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். விரல் நுனி அளவு கட்டிகள். வலை பின்னியது போல இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. கண்ணால் பார்த்தால் பயம் போகும் என்று கணவர் சொன்னதால் கொண்டு வந்தேன். ஹாலில் வைத்துவிட்டு, "உங்கப்பாகிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலிலிருந்து திரும்பியபோது கார் நிறுத்தும் இடத்தில் மாமனாரும் இரண்டு லாரி நண்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய பழைய இரும்புப் பிடிப்பான் ஒரு பலகையில் பூட்டியிருந்தது. அதன் வாய்க்குள் என் கட்டி இருந்தது. கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி ஒருவர் திருகிக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் திறக்கும்போதே நறநறவென்று சத்தம் கேட்டது. கட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சாய்வாக ஒரு வரிசை மடிந்தது. பிறகு அடுத்த வரிசை. எங்கள் இயந்திரத்தில் நசுங்குவது போலவே, அதே சாய்வில். கோபத்திலும் அதை நான் கவனித்தேன்.

"பாத்தியா, பிஸ்கட் மாதிரி நசுங்குது" என்றார் மாமனார். வலியோடு இருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. "இதைத்தான் என் இடுப்புல வைக்கணுமாம்."

"மாமா, அது ஓட்டை ரொம்ப அதிகமாப் போயிருச்சுன்னு தூக்கிப் போட்ட சாம்பிள். அதுலயும் இந்தப் பிடிப்பான்ல குழா மாட்டித் திருகினா டன் கணக்குல பாரம் வரும். உங்க இடுப்புல லாரியா ஏத்தப் போறோம்?"

"நீதானே கொண்டாந்து குடுத்த?"

"காட்டறதுக்குக் கொண்டாந்தேன்."

"காட்டிட்ட. நாங்களும் பாத்துட்டோம்."

நண்பர்களில் ஒருவர், "அலமாக், பெசி பூரோக் கடையில போட்டாக்கூட எடுக்க மாட்டான்லா" என்றார். பழைய இரும்புக்காரன்கூட எடுக்கமாட்டானாம். மூவரும் சிரித்தார்கள்.

நான் பிடிப்பானைத் தளர்த்தி நசுங்கிய கட்டியை எடுத்து அவர் காலடியில் எறிந்தேன். "உங்களுக்குப் பழைய பெசிதான் சரி. அதோடயே கெடங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மறுநாள் அவர், டாக்டர் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்திருந்த தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே துணிமணியோடு ஆயர் ஈத்தாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க நான் முயலவில்லை. கணவருக்கு முகம் சரியில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம், "இன்னும் மோசமா நொண்டறாரு" என்பார். நான் டிவியைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

தொழிற்சாலையில் அந்தச் சமயம் எங்களுக்கும் கெட்ட காலம். ஒரே தடவை அமுக்கினால் தாங்கும் எங்கள் மாதிரிகள், லேசான பாரத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெடித்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு மெல்லிய கம்பியின் அடிப்பக்கத்திலும் பாதி உருகிய தூள்மணிகள் பருக்கள் போல ஒட்டியிருந்தன. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியது. அமிலத்தில் முக்கி அந்தப் பருக்களைக் கரைத்துப் பார்த்தோம். சூட்டையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுத்து உள்ளே இருந்த குறைகளை மூடிப் பார்த்தோம். ஆயுள் கூடியது. ஆனால் கரைத்தால் கம்பி மெலிகிறது, மெலிந்தால் விறைப்பும் பலமும் மாறுகின்றன. மறுபடியும் முதலிலிருந்து. நடக்கும்போது இடுப்பில் விழுகிற பாரத்தைப் போல இயந்திரம் மாதிரியை அமுக்கி அமுக்கி விட, நான் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பேன். ஸ்பிரிங் பட்டை வெடிப்பதைப் பற்றி அவர் சொன்னது அப்போது நினைவுக்கு வரும். அவரை இன்னும் கொஞ்சம் வெறுப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். அப்பா சமையலறையில் விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை, அண்ணன் போனை எடுக்கவில்லை என்றாள். நான் வேலையிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். நாத்தனார் வெளியே நின்றாள்.

"அண்ணி, நீங்க அந்தக் கட்டியக் கொண்டாந்து காட்டாம இருந்திருந்தா அப்பா அன்னைக்கே ஆபரேஷன் பண்ணிருப்பாரு" என்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"நான் பால் குடிங்கன்னு சொன்னா அதுல விஷம்னு சொல்றவரு உங்கப்பா."

"அதான் தெரியுதுல்ல? அப்புறம் ஏன் வாயத் தொறந்தீங்க?"

"நான் கேக்காம பேசல. உங்கப்பா என் வேலையைப் பத்திப் பேசினாரு."

"வயசானவரு ஏதோ பேசுவாரு. நீங்க படிச்சவங்கதானே, சும்மா இருந்தா என்ன?"

படித்தவர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் தள்ளிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருட்டிய பிறகுதான் கணவர் வந்தார்.

பழைய கிண்ணம் முழுதாகப் பெயர்ந்து இடுப்பெலும்பும் விரிசல் விட்டிருந்தது. ஜொகூர் பாருவுக்கு மாற்றினார்கள். அதே டாக்டர்தான் வந்தார். இனிமேல் யோசிக்க நேரமில்லை என்றார். மாமனார் படுத்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எங்க செஞ்சது?"

ஐரோப்பாவில் என்றார் டாக்டர்.

"அந்தப் பொண்ணு கம்பெனி இல்லையே?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அறையில் நாத்தனாரும் இருந்தாள், இரண்டு நர்ஸ் மிசிகளும் இருந்தார்கள். "இல்ல" என்றேன். "அன்னைக்கே காருல சொன்னேன்."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

காட்டுவதற்காக டாக்டர் ஒரு மாதிரிக் கிண்ணம் வைத்திருந்தார். என் வேலை தெரிந்ததும் அதை என்னிடம் நீட்டினார். வெளிப்புறம் பவளப்பாறை போலச் சொரசொரப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கம்பிகளில் பரு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. துளைகள் சீராக இருந்தன. எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று பொறாமையாக இருந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

"அதத் தொடாத" என்றார் மாமனார் படுக்கையிலிருந்து. "அது எனக்கு வைக்கறது."

அவருக்கு வைப்பது வேறு, இது காட்ட வைத்திருப்பது என்று டாக்டர் விளக்கினார். அவர் நம்பவில்லை. நான் அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பரிசோதனைகளுக்குப் பக்கம் என்பதால் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை. பல வாரங்களுக்கு அந்தக் காலில் முழுப் பாரமும் போடக்கூடாது, இரண்டு ஊன்றுகோல்களோடுதான் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் வாரமே அவர் ஊன்றுகோல் இல்லாமல் சமையலறையில் நின்று மைலோ கலக்குவதைப் பார்த்தேன்.

"கோல் எங்க, மாமா?"

அவர் மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"இப்போதைக்கு அந்தக் கிண்ணத்தைப் பிடிச்சிருக்கறது நாலஞ்சு ஸ்குரூவும் அதோட சொரசொரப்பும்தான். எலும்பு இன்னும் உள்ள வளரல. இப்ப அசைஞ்சா ஓட்டைக்குள்ள எலும்பு வராது, நார் மாதிரி சதைதான் வளரும். அப்புறம் காலத்துக்கும் ஆடும்."

"நீ சொல்லி நான் நடக்கணுமா?"

"நடக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

"நான் ரோட்டுல லாரி உருண்டு விழுந்து எந்திரிச்சவன்."

"அப்ப நடங்க. விழுந்தா நான் தூக்க மாட்டேன். தூக்கச் சொல்லி என்னைக் கூப்புடவும் கூப்புடாதீங்க."

"ஒன்னையா கூப்புடுவேன்?"

எங்கள் சத்தத்தில் கணவர் எழுந்து வந்தார். அன்று அவருக்கு விடுமுறை. அத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார். "நீங்க ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்கறதுக்கு என் வீடுதான் கெடச்சுதா? ஒருத்தருக்காச்சும் அந்தக் காலைப் பத்திக் கவலை இருக்கா?" யாரும் பதில் சொல்வதற்குள் வெளியே போய்க் கார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டியைக் கிளப்பவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார். மாமனாரும் நானும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தோம். பிறகு நான் ஹாலிலிருந்து ஊன்றுகோல்களை எடுத்துவந்து அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு மேலே போனேன்.

அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் அவர் கட்டிலுக்கு எதிரே ஊன்றுகோல்களை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவர் அவற்றைப் பயன்படுத்தினார். என் பேச்சில் மனம் மாறினார் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் துணி காயப்போடும்போது அவர் போனில் நண்பரிடம் பேசுவது கேட்டது.

"கோலோடதான் நடக்கறேன், என்ன செய்யறது. விழுந்தேன்னா அவ சொன்னது பலிச்ச மாதிரி ஆயிரும்லா. அவளுக்குக் கொண்டாட்டமாப் போயிரும். அந்தச் சந்தோஷத்தைக் குடுக்க மாட்டேன்."

நான் கூடையை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் உள்ளே வந்தேன். அவர் கொடுக்காமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் சொன்ன காலம் முழுக்க அவர் கோல்களை விடவில்லை. மழை பெய்து தரை ஈரமானால் குளியலறைப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு கவனமாக நடந்தார். என் எதிரில் இன்னும் கவனமாக நடந்தார். கடைசிப் பரிசோதனையில் டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினார். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்புக்கோடு எங்கேயும் இல்லை. விரிசல் மூடியிருந்தது. எலும்பு துளைகளுக்குள் போய்ப் பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். நான் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மாமனார் மகனிடம், "வெளிநாட்டுச் சாமான்னா வெளிநாட்டுச் சாமான்தான்" என்றார்.

அந்த மாதமே அவர் ஆயர் ஈத்தாமுக்குப் போய்விட்டார். போகும்போது மகனிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். நாத்தனார் இன்றுவரை எனக்குப் போன் செய்வதில்லை. எங்கள் தொழிற்சாலைக் கிண்ணம் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது. முன்பைவிட அதிக நாள் தாங்குகிறது, நாங்கள் நினைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

போன தீபாவளிக்கு அவர் தெப்ராவ் வந்தார். நான் சமைத்ததைத் தொடவில்லை. மகள் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். மத்தியானம் கிளம்பும்போது கோல் இல்லாமல், எதையும் பிடிக்காமல், வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடந்தார். நான் கதவருகில் நின்று அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கி ஏறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அந்த மனிதருக்காக ஏற்பட்ட சந்தோஷம் என்று சொன்னால் பொய்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நேரா நடக்கறீங்க."

"நான் எப்பவும் நேராத்தான் நடந்தேன்" என்று சொல்லிவிட்டு, மகன் திறந்து பிடித்திருந்த கதவு வழியாகக் காரில் ஏறினார்.